பந்து ஏன் நின்றது? மகளுக்கு விசை, ஆற்றல் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம்

மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அறிவியல் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். விசை என்றால்? "தள்ளுதல் அல்லது இழுத்தல்." ஆற்றல்? "வேலை செய்யும் திறன்." டக் டக்கென்று பதில் வந்தது. பரவாயில்லையே என்று நினைத்து, ஒரு பந்தைத் தரையில் உருட்டிவிட்டேன். அது சுவரோரம் போய் மெதுவாக நின்றது.

"ஏன் நின்னுச்சு?"

"நீங்க தள்ளின விசை தீர்ந்துபோச்சுப்பா."

மனப்பாடம் செய்த வரையறை அத்தனையும் சரி. ஆனால் அவள் மனதில் விசை என்பது வண்டிக்குள் ஊற்றிய பெட்ரோல் மாதிரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்று அரிஸ்டாட்டிலும் நினைத்தார், அவருக்குப் பின் வந்தவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நம்பினார்கள். கலிலியோ அந்த நம்பிக்கையை ஆட்டிப்பார்த்தார். 1687-இல் நியூட்டன் இயக்க விதிகளை வெளியிட்ட பிறகுதான் விஷயம் தெளிவானது.

அன்று வரையறைகளை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கினேன்: "எது தள்ளுது, எதைத் தள்ளுது?" இரண்டுக்கும் பதில் இருந்தால் அங்கே விசை இருக்கிறது. உருளும் பந்தை இப்போது என் கை தள்ளுகிறதா? இல்லை, கை எடுத்ததுமே அந்த விசை முடிந்தது. பந்திடம் இருப்பது இயக்க ஆற்றல், அதாவது நகர்வதால் அதனிடம் உள்ள ஆற்றல். அதைத் தடுப்பது தரையின் உராய்வு. ஆற்றல் தொலைந்துபோகவில்லை, பெரும்பாலும் வெப்பமாக மாறியது. நம்பாத பிள்ளையை உள்ளங்கைகளைப் பத்து விநாடி வேகமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், போதும். கீழே விழும் பொருளை எது இழுக்கிறது? பூமி. ஊசியை இழுப்பது காந்தம். தொடாமலும் விசை செயல்படும் என்பது இப்படிப் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது.

நிலை ஆற்றலுக்கு இதைவிட நல்ல வழி கிடைத்தது. நடுவில் பள்ளமுள்ள அளவுகோலின் ஒரு முனையை ஒரு புத்தகத்தின் மேல் சாய்த்து, கீழ் முனையில் காலித் தீப்பெட்டியை வைத்தோம். மேலிருந்து கோலிக்குண்டை விட்டால் பெட்டி கொஞ்ச தூரம் நகர்ந்தது. அதே தடிமனில் இன்னொரு புத்தகத்தை அடுக்கினோம். பெட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளிப்போனது. குண்டும் மாறவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? கொஞ்ச நேரம் அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் இன்னும் மேலே தூக்கி வச்சேன்ல, அதிலேர்ந்து" என்றாள். அதற்கப்புறம்தான் 'நிலை ஆற்றல்' என்ற பெயரைச் சொன்னேன். பெயரை முதலில் சொல்லியிருந்தால் அதையும் மனப்பாடம் செய்திருப்பாள்.

கனமான பொருள்தான் முதலில் விழும் என்பது அடுத்த பிடிவாதம். நோட்டையும் தாளையும் தனித்தனியாகப் போட்டால் அவள் சொல்வதுதான் நடக்கும். நோட்டைவிடச் சின்னதாகத் தாளைக் கிழித்து, நோட்டின் மேலேயே வைத்து விட்டால் இரண்டும் சேர்ந்து விழும். தாளைத் தாமதப்படுத்தியது காற்றுதான். 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. அந்தக் காணொளியைக் காட்டினேன். நாலு தடவை போட்டுப் பார்த்தாள்.

தேர்வுக்கென்று தனியாகச் சொன்னது கொஞ்சம்தான். சுவரை எவ்வளவு தள்ளினாலும் அது நகராவிட்டால், வியர்த்துக் கொட்டினாலும் அறிவியல் கணக்கில் சுவர் மேல் செய்த வேலை சுழியம். பிள்ளைகள் இதில் நிச்சயம் வழுக்குவார்கள். படம் வரையும்போது விசையின் அம்புக்குறி எந்தப் பொருளின் மேல் செயல்படுகிறதோ அதைத் தொட்டு இருக்க வேண்டும். 100 மீட்டரை 20 விநாடியில் ஓடினால் வேகம் 5 என்று நிறுத்தக் கூடாது, விநாடிக்கு 5 மீட்டர் என்று எழுத வேண்டும்.

பந்துக் கேள்வி தேர்வில் வரவே இல்லை. வேகக் கணக்கு வந்தது. அலகு எழுத மறந்து அரை மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்தாள்.