கரும்பலகையில் அழிந்த தந்தை பெயர்

உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகத்தைப் பாடமாக எடுத்தவர்கள் எங்கள் ஆண்டில் ஆறு பேர்தான். ஒருநாள் ஆசிரியர் முன்னுரை எதுவுமின்றிக் கரும்பலகையில் ‘கையஸ் ஒக்டேவியஸ்’ என்று எழுதி, “இது தகப்பனா, மகனா?” என்று கேட்டார். எவருக்கும் விடை தெரியவில்லை. இருவருக்கும் அதுவே பெயர் என்று சொல்லி, முதல் உரோமப் பேரரசரான ஒகஸ்தஸின் குடும்ப வரலாற்றை அந்தப் பெயரிலிருந்தே தொடங்கினார்.

உரோமர் ஆண்பிள்ளைக்கு ஒன்பதாம் நாளும் பெண்பிள்ளைக்கு எட்டாம் நாளும் பெயர் சூட்டினர். ஆணுக்கு முதற்பெயரும் குலப்பெயரும் உண்டு. பல குடும்பங்களில் கிளைப்பெயர் ஒன்றும் சேரும். பெண்ணுக்கோ பெரும்பாலும் குலப்பெயரின் பெண்பால் வடிவம் மட்டுமே. ஒகஸ்தஸின் சகோதரிகள் இருவருமே ஒக்டேவியாக்கள்தான். மூத்தவள், இளையவள் என்றே பிரித்தறிந்தனர். வகுப்பிலிருந்த மாணவியர் இருவருக்கும் இது பொறுக்கவில்லை.

கி.மு. 63 செப்டெம்பர் 23இல் பிறந்த அந்த மகனின் தந்தைவழி வெலித்ரே என்ற சிற்றூரைச் சேர்ந்தது. செல்வம் இருந்தது, ஆனால் அக்குடும்பத்திலிருந்து செனற் சபையில் இடம்பெற்ற முதல் ஆள் தந்தைதான். அவரும் மகனுக்கு நான்கு வயதாகும்போதே இறந்துபோனார். தாய் ஆத்தியா, யூலியஸ் சீசரின் சகோதரி மகள். பின்னாளில் அரசியல் எதிரியான மார்க் அன்ரனி, ஒகஸ்தஸின் பூட்டன் விடுதலை பெற்ற அடிமை, கயிறு திரித்தவன் என்றும், பாட்டன் காசு மாற்றியவன் என்றும் பழித்தார். சிறுவயதில் ‘துரீனஸ்’ என்றொரு பெயரும் ஒகஸ்தஸுக்கு இருந்தது. அப்பெயர் தேய்ந்த இரும்பெழுத்துகளில் பொறிக்கப்பட்ட சிறுவன் உருவ வெண்கலச் சிலையொன்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸிடம் இருந்ததாம்.

கி.மு. 44இல் சீசர் கொலையுண்டபின் திறக்கப்பட்ட உயிலில் ஒகஸ்தஸே சுவீகார மகன். தாயும் தாயின் இரண்டாம் கணவரும் தயங்கியபோதும் பதினெட்டு வயதில் அவர் அதை ஏற்றார். இந்த இடத்தில் ஆசிரியர் ‘ஒக்டேவியஸ்’ என்பதை உள்ளங்கையால் அழித்து, ‘யூலியஸ் சீசர்’ என்று எழுதினார். வழக்கப்படி பிறந்த குலத்தைச் சுட்டும் ‘ஒக்டேவியானஸ்’ என்ற பெயரையும் ஒகஸ்தஸ் சேர்த்திருக்கலாம். பேச்சாளர் சிசரோ போன்றோர் அப்படித்தான் அழைத்தனர். அவரோ அதைத் தமக்குப் பயன்படுத்தவில்லை. சீசர் கி.மு. 42இல் தெய்வமாக்கப்பட்டதும் ‘தெய்வத்தின் மகன்’ என்றும், கி.மு. 27இல் செனற் வழங்கியபடி ‘ஒகஸ்தஸ்’ என்றும் பெயர் மாறிக்கொண்டே சென்றது. பாடம் முடிந்தபோது பலகையில் தந்தையின் பெயர் இருந்த இடத்தில் வெண்புகையாய்ச் சுண்ணாம்புத் தடம் மட்டுமே இருந்தது. பதவி தேடிய மகன் பெற்றவரின் குலப்பெயரைக் கைவிட்டது அந்த வயதில் என்னை மிகவும் வருத்தியது; இன்றும் அவ்வருத்தம் முற்றாக நீங்கவில்லை.

இங்கிலாந்துக்கு வந்தபின் படிவங்களில் என் தந்தையின் பெயரே என் குடும்பப்பெயராயிற்று. அதை எழுதும்போதெல்லாம் அந்த வகுப்பு நினைவில் வரும். சில ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் நாணய வணிகர் ஒருவர் ஒகஸ்தஸின் வெள்ளித் தெனாரியஸ் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் வகை அது. பின்புறத்தில் அவர் சுவீகரித்த பேரர்கள் கையசும் லூசியசும் கேடயங்களுடன் நிற்கின்றனர். முன்புறத்தில் தலையைச் சுற்றிய எழுத்துகளை உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன்: சீசர், ஒகஸ்தஸ், தெய்வத்தின் மகன், தாயகத்தின் தந்தை. மகன் என்பதற்கு ஒரேயொரு எழுத்து. ஒக்டேவியஸைத் தேடி நாணயத்தை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டே கொடுத்தேன்.