37 சிர்க்கான் மணிகள்

சிங்கப்பூரில் என் முதுநிலை ஆய்வுக்கு வந்து சேர்ந்த கல், நாமக்கல் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் எடுத்தது. பாலக்காடு–காவிரி மண்டலம், கண்டத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்டதன் தழும்பு என்று பலர் கருதும் இடம். அங்குள்ள மாஃபிக் கிரானுலைட் (இரும்பும் மக்னீசியமும் மிகுந்து, கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை) கறுத்திருக்கும். ஊடே கார்னெட் என்ற கனிமம் செம்புள்ளிகளாகத் தெரியும். பூமியின் ஆழத்தில் அது எப்போது வெந்தது, எத்தனை முறை வெந்தது என்பதே என் கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியது சிர்க்கான்: தன்னுள் அடைபட்ட யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவால் வயது காட்டும் சிறு கனிமம்.

நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா கருங்கல் போன்றவற்றில் சிர்க்கான் தாராளமாகக் கிடைக்கும். மாஃபிக் பாறையிலோ அது அரிது. சிர்க்கான் உருவாக வேண்டிய சிர்க்கோனியத்தில் ஒரு பங்கு கார்னெட்டிலும் இல்மனைட் என்ற கனிமத்திலும் கரைந்து கிடக்கும். 5 கிலோ கல்லை உடைத்து, சலித்து, காந்தப் பிரிப்பானில் ஓட்டி, மெத்திலீன் அயோடைடு என்ற கனமான திரவத்தில் அமிழ்ந்ததை மட்டும் எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியபோது தேறியவை 37 மணிகள். பசைநாடாவில் ஒட்டுவதற்குள் குளிரூட்டிக் காற்றில் ஒன்று பறந்துவிட்டால், அதைத் தேடுவதில் அரை நாள் போகும்.

முதல் சுற்று வீணானது என் அவசரத்தால்தான். கருவிக்கு முன்பதிவு செய்த நாள் நெருங்கியதால், மணிகளின் உள் அடுக்குகளைக் காட்டும் ஒளிர்வுப் படங்களுக்குக் காத்திராமல், வயதை அளக்க லேசரால் சுட்டுவிட்டேன். 1.9 பில்லியன் ஆண்டுக்கு அருகே நான்கைந்து புள்ளிகள் திரண்டு நின்றன. புதிய உருமாற்ற நிகழ்வு என்று நம்பி ஒரு பத்தியே எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த மூத்த ஆய்வாளர், “படத்தைப் பார்த்துட்டுச் சுட்டியாம்மா, சுட்டுட்டுப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார்.

படங்கள் வந்ததும் புரிந்தது. கருத்த உட்கருவைச் சுற்றி வெளிறிய விளிம்பு, பெரும்பாலான மணிகளில் 20 மைக்ரான்கூட இல்லை. என் லேசர்க் குழியோ 30 மைக்ரான். பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சுரண்டி, எந்தக் காலத்துக்கும் உரியதல்லாத ஒரு வயதைப் பெற்றிருந்தேன். யுரேனியம்-238இன் அரை ஆயுள் 4.47 பில்லியன் ஆண்டு, யுரேனியம்-235இன் அரை ஆயுள் 704 மில்லியன் ஆண்டு. இவ்விரு கடிகாரங்களும் ஒரே வயதைச் சொன்னால்தான் நம்பலாம். என் புள்ளிகளில் அவை ஒத்துப்போகவில்லை என்பது அட்டவணையில் அன்றே இருந்தது. நான்தான் பார்க்க விரும்பவில்லை.

இரண்டாம் சுற்றில், அகன்ற விளிம்புள்ள 9 மணிகளை மட்டும் 15 மைக்ரான் குழியால் சுட்டேன். உட்கருக்கள் 2.5 பில்லியன் ஆண்டை ஒட்டியும், விளிம்புகள் 535 மில்லியனை ஒட்டியும் வந்தன. பின்னது கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் என்பதால், அத்துடன் முடித்துவிடும் ஆசை எனக்கு இருந்தது. ஆனால் கல்லின் மெல்லிய சீவலில் பார்த்தபோது, கார்னெட்டுக்குள் அகப்பட்ட சிர்க்கான் எதிலும் அந்த இளம் விளிம்பு இல்லை. விளிம்பு வளரும் முன்பே கார்னெட் அவற்றை மூடியிருக்க வேண்டும். அப்படியானால் கார்னெட்டின் வயது வேறு. இப்போது கார்னெட்டைப் பொடித்து, அதன் வயதை நேரடியாக அளக்கும் லுட்டீசியம்–ஹாஃப்னியம் முறைக்காக அமிலத்தில் கரைத்து வைத்திருக்கிறேன். அந்த முடிவு வரும்வரை ஆய்வேட்டில் கார்னெட்டின் வயதுக்குரிய கட்டம் காலியாகவே இருக்கும்.