ஃபுளோரிடால ஓட்டுரிமைய திரும்ப வாங்கினோம்: கிளர்க் ஆபீஸ் சொல்ற பாக்கிய மட்டும் நம்பிடாதீங்க

என் வீட்டுக்காரர் பேரு வோட்டர் லிஸ்ட்ல ஏறிடுச்சு. அதனாலதான் இப்பவாவது எழுதலாம்னு உக்காந்தேன். கோவம் இன்னும் ஆறல, நடுவுல நடுவுல திட்டுவேன், கண்டுக்காதீங்க.

இவரு இங்கயே பொறந்து வளர்ந்தவரு. இருவது வயசு சொச்சத்துல, 2003-ல, போதைப்பொருள் வச்சிருந்ததுக்கும் ஒரு கடைத் திருட்டுக்கும் சேர்த்து ஃபெலனி, அதாவது பெரிய குற்றம்னு கேஸ். கொஞ்ச நாள் ஜெயில், அப்புறம் ப்ரொபேஷன் (ஆபீசர் கண்காணிப்புல வெளிய இருக்கறது), எல்லாம் எப்பவோ முடிஞ்சுது. நான் கல்யாணம் பண்ணது அதுக்கெல்லாம் ரொம்ப அப்புறம். எனக்கு சிட்டிசன்ஷிப் வந்து நான் முதல் தடவ ஓட்டு போட்டப்போ இவரு கார்லயே உக்காந்திருந்தாரு. நம்ம ஊர்ல ஜெயிலுக்குள்ள இருக்கற வரைக்கும்தான் ஓட்டு கிடையாது, வெளிய வந்துட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இங்க அப்படி இல்லன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

சட்டம் தெரிஞ்சவங்க இந்தப் பாராவ தாண்டிடுங்க. 2018-ல ஃபுளோரிடா அரசியல் சட்டத்துக்கு நாலாவது திருத்தம்னு ஒண்ண மக்கள் ஓட்டு போட்டு ஜெயிக்க வச்சாங்க, 60 சதவீதம் வேணும், கிட்டத்தட்ட 65 வந்துச்சு. கொலை, பாலியல் குற்றம் தவிர மத்தவங்க தண்டனைய முடிச்சிட்டா ஓட்டுரிமை தானா வந்துரும்னு அதுல இருந்துச்சு, ஏறக்குறைய 14 லட்சம் பேருக்கு. அடுத்த வருஷமே சட்டசபை 7066-ன்னு ஒரு சட்டம் போட்டு, தண்டனைய முடிக்கறதுன்னா அபராதம், கோர்ட் ஃபீஸ், நஷ்டஈடு எல்லாத்தையும் கட்டி முடிக்கறதும் சேர்த்துதான்னு சொல்லிடுச்சு. ஸ்டேட் தலைநகர் டல்லஹாசில இருந்த ஃபெடரல் ஜட்ஜ் ராபர்ட் ஹிங்கிள் 2020 மே மாசம் இது காசு கட்டினாத்தான் ஓட்டுங்கற ஏற்பாடு, செல்லாதுன்னாரு. செப்டம்பர்ல மேல்கோர்ட் ஆறுக்கு நாலுன்னு அதை கவுத்துடுச்சு. அதனால இன்னைக்கும் கட்டித்தான் ஆகணும்.

சரி கட்டுறோம், எவ்வளவு? அங்கதான் விஷயமே. யார் எவ்வளவு பாக்கின்னு ஸ்டேட் முழுக்க ஒரே இடத்துல பாக்கறமாதிரி எதுவும் கிடையாது. 67 கவுண்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிளர்க் ஆஃப் கோர்ட் (கோர்ட் ஃபைலும் பணக் கணக்கும் வச்சிருக்கற ஆபீஸ்), ஒவ்வொண்ணுக்கும் தனி வெப்சைட். ஹிங்கிள் தீர்ப்புலயே ஒரு கணக்கு இருக்கு, ஒரு ப்ரொஃபசரும் அவங்க ஆராய்ச்சி மாணவர்களும் 153 பேரோட பாக்கிய தேடிப் பாத்ததுல மூணே மூணு பேருக்குத்தான் தகவல்ல முரண்பாடு இல்லாம இருந்துச்சாம். படிச்சப்போ மிகைப்படுத்துறாங்கன்னு நெனச்சேன், நாங்க இறங்கினப்புறம் அந்த மூணு பேரு யாரு, குடுத்து வச்சவங்கன்னு தோணுச்சு.

கேஸ் நடந்தது பேன்ஹேண்டில்னு சொல்ற வடமேற்கு ஓரம், நாங்க இருக்கறது டாம்பா பக்கம். முதல்ல ஃபோன்ல கேட்டா, கேஸ் நம்பர் இருந்தாத்தான் பாக்க முடியும்னு அந்தம்மா சொல்றாங்க. கேஸ் நம்பர் தெரிஞ்சுக்கத்தானே மேடம் கூப்பிடறேன்னா, அதுக்கு ஆபீஸுக்கு நேர்ல வாங்கன்னாங்க. லீவு போட்டு அஞ்சு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போனா, பழைய ஃபைல் இந்தக் கட்டடத்துல இல்ல, ஃபாரம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, எடுத்து வச்சுட்டு கூப்பிடறோம்ங்கறாங்க! ஃபோன்ல பேசினதும் இதே அம்மாதான், குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். "நீங்க கேக்கலையே"ன்னாங்க. இவரு என் கைய புடிச்சு இழுத்துட்டு வெளிய வந்துட்டாரு, இவருக்கு அந்த மாதிரி கவுன்டர் முன்னாடி நின்னாலே இன்னும் குரல் எழும்பாது.

நீங்க அந்த அலைச்சல் அலைய வேணாம். ஸ்டேட் கரெக்‌ஷன்ஸ் டிபார்ட்மெண்ட் (ஜெயில் துறை) வெப்சைட்ல பேரு போட்டு தேடினா, ஸ்டேட் ஜெயில்ல இருந்தவங்களுக்கு கவுண்டி, கேஸ் நம்பர், தண்டனை எல்லாம் வரும். அதை பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் கிளர்க்க கூப்பிடுங்க. கேக்கும்போது "பாக்கி எவ்வளவு"ன்னு மட்டும் கேக்காதீங்க. தீர்ப்பு அன்னைக்கு ஜட்ஜ் கையெழுத்து போட்ட ஜட்ஜ்மெண்ட் அண்ட் சென்டென்ஸ் காப்பி வேணும்னு கேளுங்க. பக்கத்துக்கு ஒரு டாலர், சர்டிஃபைடு காப்பின்னா கூட ரெண்டு டாலர், அவ்வளவுதான்.

ஏன் அதையே சொல்றேன்னா, எங்களுக்கு வந்த தொகையப் பாருங்க. கிளர்க் வெப்சைட்ல 611 டாலர் பாக்கி. ஃபோன்ல கேட்டா அது பாக்கி வசூல் பண்ற கலெக்‌ஷன் கம்பெனிக்கு போயாச்சு, எங்களுக்குத் தெரியாதுன்னாங்க. கலெக்‌ஷன் கம்பெனி சொன்னது 855 டாலர் 40 சென்ட். 40 சதவீதம் வரைக்கும் அவங்க மேல போட்டுக்க சட்டமே இடம் குடுக்குது, இவங்க முழுசா போட்டுட்டாங்க. கடைசியா கைக்கு வந்த தீர்ப்புக் காப்பில இருந்த மொத்தம் 548. அதுலயும் பப்ளிக் டிஃபெண்டர் (அரசு குடுக்கற வக்கீல்) வேணும்னு விண்ணப்பிச்சதுக்கு ஒரு தொகை, அதாவது வக்கீல் வைக்க காசில்லன்னு சொன்னதுக்கு ஃபீஸ்! நல்லா சிரிச்சுக்கோங்க.

ஓட்டுக்கு கணக்கு அந்த 548 மட்டும்தான். தீர்ப்புக் காயிதத்துல இருக்கற தொகைதான் சேரும், அதுக்கப்புறம் ஏறின லேட் ஃபீஸு, தவணை ஃபீஸு, கலெக்‌ஷன் கமிஷன் எதுவும் சேராது. இதை கவுன்டர்ல எவரும் சொல்லல. கலெக்‌ஷன் கம்பெனி சொல்லவே சொல்லாது. 855 கட்டினாத்தான் ஓட்டுன்னு நெனச்சு விட்டுட்டு போனவங்க எத்தன பேரோ.

அடுத்த தலைவலி, ப்ரொபேஷன் சமயத்துல இவரு மாசாமாசம் ஆபீசர்கிட்ட மணி ஆர்டர் குடுத்திருக்காரு, அது கிளர்க் சிஸ்டத்துல ஒண்ணுமே ஏறல. அங்கதான் என் மாமியார் காப்பாத்தினாங்க. 2018-ல மைக்கேல் புயல் அடிச்சு பாதி கூரை போனதுலேந்து அவங்க எல்லா காயிதத்தையும் ஜிப்லாக் கவர்ல போட்டு வாஷிங் மெஷினுக்குள்ள வைக்கற ஆளு. அந்த கவருக்குள்ள மணி ஆர்டர் அடிக்கட்டை, ப்ரொபேஷன் முடிஞ்ச லெட்டர், கடைக்காரருக்கு நஷ்டஈடு கட்டின ரசீது (டிபார்ட்மெண்ட் வழியா கட்டினதுக்கு 4 சதவீதம் தனியா புடிச்சது உட்பட), எல்லாம் வருஷ வாரியா கெடந்துச்சு. "என் புள்ள இதை கேப்பான்னு எனக்குத் தெரியும்"னாங்க. நான் அங்கயே அழுதுட்டேன்.

அதை எடுத்துட்டுப் போய் கவுன்டர்ல வச்சா, எங்க சிஸ்டத்துல இல்லாதத நாங்க ஏத்துக்க முடியாதுன்னாங்க. சரி கடைக்காரர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கலாம்னு பாத்தா கடையே மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. இந்த இடத்துல நாங்க விட்டுடலாம்னுதான் இருந்தோம். ஃபுளோரிடா ரைட்ஸ் ரெஸ்டொரேஷன் கோயலிஷன் மாதிரி அமைப்புங்க பாக்கிய கட்டவே உதவி பண்ணுவாங்க, எங்களுக்கு காசு பிரச்சினை இல்ல, காயிதப் பிரச்சினை. தெரிஞ்சவங்க மூலமா ஒரு வக்கீல் இலவசமா கெடச்சாரு, கேஸ் நடந்த அதே கோர்ட்ல மோஷன், அதாவது மனு போட்டாரு. ஜூம்லயே விசாரணை, ஜட்ஜ் ரசீத பாத்தாரு, நஷ்டஈடு தீர்ந்தது, இந்த தொகை கட்டினதா கணக்குல சேருங்கன்னு ஆர்டர் போட்டாரு. நான் டீ போட அடுப்ப பத்த வச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, அதுக்கு எத்தன மாசம்! ரசீது 310 டாலருக்கு இருந்துச்சு, மிச்சம் 238. அதை கலெக்‌ஷன் கம்பெனில கட்டி, கட்டினதுக்கு எழுத்துல வாங்கிட்டோம். யார்கிட்ட கட்டினாலும் ஒவ்வொரு டாலரும் தீர்ப்புத் தொகைல கழியும்னு ஹிங்கிள் தீர்ப்பு சொன்ன அந்த வழக்குலயே ஸ்டேட் தரப்பு சொல்லியிருக்கு, அந்த வரிய வக்கீல் நாங்க பின்னாடி தேர்தல் துறைக்கு எழுதின கடுதாசில சேர்த்துட்டாரு.

இவருக்கு டாம்பா பக்கத்துலயும் ஒரு பழைய கேஸ் இருந்துச்சு. அதுல அட்ஜுடிகேஷன் வித்ஹெல்ட்னு போட்டிருந்தது, அப்படின்னா குற்றவாளின்னு தீர்ப்பே ஆகலன்னு அர்த்தம், ஓட்டுரிமை போகவே போகாது. உங்க காப்பில அந்த ரெண்டு வார்த்தை இருக்கான்னு மொதல்ல பாருங்க, இருந்தா அந்தக் கேஸுக்காக அலையவே வேணாம்.

நேரா போய் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமேன்னு நிறைய பேர் சொன்னாங்க. வேணாம். 2022 ஆகஸ்ட்ல 20 பேர புடிச்சாங்களே, கொலை, பாலியல் கேஸ் இருந்தவங்க ஓட்டு போட்டாங்கன்னு, அதுல பல பேரு கவர்மெண்டே வோட்டர் கார்டு அனுப்புச்சே, அதனால போடலாம்னு நெனச்சோம்னாங்க. இப்ப அந்தக் கார்டுலயே இது தகுதிக்கு சான்று இல்லன்னு பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கு. அனுப்பறது அவங்க, மாட்டறது நம்ம. தகுதி இல்லன்னு தெரிஞ்சே கையெழுத்து போட்டதா முடிவானா அது புதுசா ஒரு ஃபெலனி, அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள. அதனால டல்லஹாசில ஸ்டேட் தேர்தல் துறையான டிவிஷன் ஆஃப் எலக்‌ஷன்ஸ்கிட்ட அட்வைசரி ஒபினியன் (இவருக்கு தகுதி இருக்கா இல்லையான்னு எழுத்துல பதில்) கேட்டு எழுதினோம், எல்லா காப்பியும் இணைச்சு. தகுதி உண்டுன்னு எழுத்துல வந்துச்சு. அதை நம்பி நல்லெண்ணத்தோட நடந்துக்கிட்டவங்க மேல கேஸ் போட முடியாது, எனக்கு அதுதான் தூக்கம் குடுத்துச்சு. ரிஜிஸ்ட்ரேஷன் அஞ்சே நிமிஷம். எலக்‌ஷனுக்கு 29 நாள் முன்னாடியே பண்ணிடணும், அதை விட்டுட்டா அந்த எலக்‌ஷன் போச்சு.

வேற ஸ்டேட்ல தண்டனை வாங்கினவங்களுக்கு கதையே வேற, அந்த ஸ்டேட் சட்டம் என்ன சொல்லுதோ அதுதான் இங்கயும். நியூயார்க்ல ஜெயிலுக்குள்ள இல்லன்னா ஓட்டு உண்டு, அதனாலதான் அங்க குற்றவாளின்னு தீர்ப்பான டிரம்ப் 2024 நவம்பர்ல ஃபுளோரிடா பாம் பீச்ல நிம்மதியா ஓட்டு போட்டுட்டு வந்தாரு. என் வீட்டுக்காரருக்கு 238 டாலருக்கு இவ்வளவு பாடு.

எங்க கணக்கு இன்னும் முழுசா முடியல. தீர்ப்புத் தொகைக்கு மேல ஏறினது அப்படியே நிக்குது, கலெக்‌ஷன் கம்பெனி வாராவாரம் கூப்பிடுது, அது இருக்கற வரைக்கும் இவரோட டிரைவர் லைசென்ஸ் சஸ்பென்ஷனும் போகாது. ஓட்டுக்கு ஒரு கணக்கு, லைசென்ஸுக்கு வேற கணக்கு. அதுக்கும் அதே வக்கீல்கிட்ட மோஷன் குடுத்திருக்கோம். அதனால இந்தத் தடவ ஓட்டுச்சாவடிக்கு வண்டி ஓட்டினது நான், கார்ல உக்காந்திருந்ததும் நான்தான், ஏன்னா நான் முன்னாடியே தபால்ல போட்டுட்டேன்.