பலூன் வடிகிறது, கூரை இறங்குகிறது: கிலாவேயா மாதிரி, மணல் கட்டம்

தண்ணீர் பலூனை எரிமலையின் அடியறையாக வைத்து, மேலே மணல் கூரை போட்டு, பலூனை வடியவிடும் மாதிரி இது. கூரை கடைசியில் ஒரே வட்டமாக உடைந்து இறங்கிவிட்டது. நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரம் சரிகிற தொல்லை தீர்ந்தது.

மாதிரிக்கு எடுத்தது ஹவாயின் கிலாவேயா எரிமலை, 2018. மே 3 அன்று லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில் நிலம் பிளந்து குழம்பு வந்தது. அதற்குத் தீனி போட்டது ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி, எரிமலை உச்சிக்கு அடியில் மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, தேங்கியிருந்த அறை. அது வடிய வடிய, ஆகஸ்ட் தொடக்கம் வரை கூரை 62 தடவை குலுங்கிக் குலுங்கி இறங்கியது. விழுந்த பள்ளம் சுமார் 0.8 கன கி.மீ.

1 செ.மீ.க்கு 250 மீட்டர் கணக்கு. 10 செ.மீ. பலூனில் 500 மி.லி. தண்ணீர், மேலே 4 செ.மீ. மணல் கலவை. காற்று வேண்டவே வேண்டாம். அமுங்கி விரிந்து அளவைக் கெடுக்கும்.

படுத்தி எடுத்தது வடிகுழாய்தான். குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் குழாயை பலூன் கழுத்தோடு கட்டி நிறுத்தினால், பாதி வடிவதற்குள் ரப்பர் சுருங்கிக் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். குழாயை 7 செ.மீ. உள்ளே விட்டு, அந்த நீளம் முழுக்கச் சூடான ஊசியால் துளை போடுங்கள். பிசிறு இருந்தால் பலூன் கிழியும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கழுத்தில் நூல் நழுவும், சைக்கிள் ட்யூப் பட்டை நழுவாது. சொட்டு விழும் அறையை வெட்டி எறியுங்கள், அதில் காற்று தேங்கி ஓட்டம் அறுந்துபோகும். ரோலரை மட்டும் வைத்துக்கொண்டால் வேகம் கையில் இருக்கும். மருந்துக்கடைச் சாமான் இவ்வளவு உழைக்கிறது. அக்ரிலிக் தொட்டிக்கு ஆன்லைனில் சொல்லும் விலைதான் அநியாயம். மீன்தொட்டி கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி சிலிக்கான் போட்டு ஒட்டினால் போதும்.

அடுத்தது குழாயின் வெளிவாய் உயரம். பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. மணல் மட்டத்திலேயே பிடித்தால் பலூனின் இழுவிசையில் கொஞ்சம் வரும், பிறகு நிற்கும். மணல் வளைந்து தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது. லெய்லானி உச்சியைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்வு, அதாவது நம் கணக்கில் 4 செ.மீ. ஆனால் 10 செ.மீ. இறக்கினால்தான் கூரை உடைகிறது. கிலாவேயாவில் அறையிலிருந்து 4 சதவீதத்துக்கும் குறைவாக வெளியேறியபோதே உடைப்பு தொடங்கிவிட்டது. அழுத்தம் சுமார் 17 மெகாபாஸ்கல் குறைந்திருந்தது. இங்கே 20 மி.லி.யில் அது நடக்காது. கல் அறை பலூன் மாதிரி சுருங்கிக்கொடுப்பதில்லையே.

கலவை: சலித்த மணல் 9 பங்கு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 1. வெறும் மணல் புனல் போலச் சரியும். பிளாஸ்டர் கூடினால் கூரை விறைத்து நின்று மொத்தமாக விழும். மழைக்காலத்தில் பிளாஸ்டர் ஈரம் குடித்துக் கட்டி தட்டும், அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது. பலூனைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, செ.மீ.க்கு ஒரு கோடு கலர் கோலப்பொடி தூவினால் பிளவுகள் பளிச்சென்று தெரியும்: முதலில் மேலிருந்து கீழே வெளிப்பக்கம் சாய்பவை, பிறகு அவற்றுக்கு வெளியே உள்நோக்கிச் சாயும் வளையம்.

வராதது அந்தக் குலுக்கல். நிஜத்தில் உராய்வு கூரையைப் பிடித்து வைக்கும். அழுத்தம் இறங்கியதும் சடாரென விழும். விழுந்த பாரம் மாக்மாவை மறுபடி அமுக்கும். அதனால்தான் உச்சி சரிந்த பின் லெய்லானியில் குழம்பு கொட்டிய 8ஆம் பிளவில் ஓட்டம் கூடியது. இங்கே கூரை விழும்போது அளவுக்குவளையில் ஒரே ஒரு பீச்சல், அவ்வளவுதான். கூரைக்குப் பதில் வட்ட மரக்கட்டை, சுற்றிலும் உப்புத்தாள் ஒட்டிய குழாய் வைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டு டைக்குக்கு, அதாவது பாறையைப் பிளந்து மாக்மா பாயும் தகடு போன்ற வழிக்கு, ஜெலட்டின் வாங்கி வைத்தாயிற்று. அகர் அகர் மொறமொறவென்று உடைவதால் சரிப்படாது.