பொலித்தீன் பைக்குள் இருந்தவை

2025 மே 27, செவ்வாய்

வரும் ஞாயிற்றுக்கிழமை உயர்தரச் சித்திரபாட மாணவர்களுக்கு டொக்குமென்டாவைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் காசெல் நகரில் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, நூறு நாட்கள் நடக்கும் கண்காட்சி. நான் அங்கே போனதில்லை. 2017இல் தம்பி போய்வந்து அனுப்பிய படங்களும் இரண்டு தடித்த நூல்களும்தான் என் கைமுதல்.

ஓவியர்களின் பெயர்களை அடுக்கினால் பரீட்சைக் குறிப்பாகிவிடும். ஆகவே 1955இல் தொடங்கப்போகிறேன். குண்டுவீச்சில் சிதைந்துபோன ஊர். அவ்வூர் ஓவியரான ஆர்னோல்ட் போடே, தேசிய அளவிலான பூங்காக் கண்காட்சி ஒன்று காசெலுக்கு வருவதைப் பயன்படுத்தி, அதனோடு சேர்த்து ஓவியக் கண்காட்சி ஒன்றையும் நடத்திவிட்டார். இடம் பிரிடெரிசியானும். போரில் எரிந்து கூடாக நின்ற பழைய அருங்காட்சியகம். கல் தெரியும் சுவர்களைச் சாந்து பூசி மறைக்காமல் மேலே வெள்ளை மட்டும் அடித்தார். பிளாஸ்டிக் திரைகளைத் தொங்கவிட்டார். நாசிகள் 'சீரழிந்த கலை' என்று துரத்தியவர்களின் படைப்புகளை அங்கே மாட்டினார். ஓர் இலட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

அந்தச் சுவர்களின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 29, வியாழன்

புரொஜெக்டர் இரவலாகக் கிடைத்துவிட்டது. கதிரைகள் போதாது, பாய் விரிக்கலாம். சோளகம் பலமாக வீசுகிறது. விறாந்தையில் திரை கட்ட முடியாது.

மே 31, சனி

மாலையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பக்கம் சைக்கிளில் போனேன். 1981இல் இதே இரவுதான் அதை எரித்தார்கள். 97,000 நூல்கள், ஏட்டுச் சுவடிகள் உட்பட. எரிந்த கட்டடத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், திருத்திக் கட்டிப் பிள்ளைகளுக்கு மறுபடியும் படிக்க இடம் கொடுக்க வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். நான் அங்கே படித்துத்தான் பல்கலைக்கழகம் போனேன். திருத்தியது தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த வெள்ளைச் சுவரில் கைவைக்கும்போதெல்லாம் உள்ளே கரி இருக்கிறதா என்று தேடுகிறேன்.

காசெலிலும் நூல்கள் எரிந்திருக்கின்றன. 1933 மே 19ஆம் திகதி, பிரிடெரிசியானுமுக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் நாசிகள் ஏறத்தாழ 2,000 நூல்களை எரித்தார்கள். 1941இல் குண்டுவீச்சில் அந்தக் கட்டடமே தீப்பிடித்தது. அப்போது அது நூலகமாக இருந்தது. ஏறக்குறைய 3,50,000 நூல்கள் போயின. அதே சதுக்கத்தில்தான் 2017இல் ஆர்ஜென்டீனாவின் மார்த்தா மினுஹின் 'நூல்களின் பார்தெனன்' எழுப்பினார். இரும்புச் சட்டங்களால் கிரேக்கக் கோயில் ஒன்றின் உருவம், அதன் தூண்களெங்கும் உலகில் எங்காவது ஒருகாலத்தில் தடைசெய்யப்பட்ட நூல்கள். பொதுமக்கள் கொடுத்தவை. மழை நனைக்காதபடி பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டவை. 1983இல் தம் நாட்டில் இராணுவ ஆட்சி முடிந்தபோது, புவெனஸ் அயர்ஸில் இதையே அவர் முதலில் செய்திருக்கிறார். முடிவில் நூல்களைப் பார்க்க வந்தவர்களுக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

பதினான்கு பேர் வந்தார்கள். இருபதாவது படத்தில் மின்சாரம் போய்விட்டது. காத்திருக்காமல் வாயாலேயே சொன்னேன், ஒருவகையில் அது நல்லதாயிற்று. படம் ஓடும்போது பேசாதிருந்தவர்கள் இருட்டில் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

கண்காட்சியென்றால் சுவரில் மாட்டுவதுதான் என்று நினைத்திருந்த பிள்ளைகள் அவர்கள். ஜெர்மன் கலைஞர் ஜோசப் பொய்ஸ் 1972இல் நூறு நாளும் வந்தவர்களோடு மக்களாட்சி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், அதுதான் அவருடைய படைப்பு என்றபோது ஒருவன், "அப்படியானால் படம் எங்கே, ரீச்சர்?" என்று கேட்டான். பேச்சே படம் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதிருப்பது அவன் உரிமை. 1997இல் நூறு நாட்களுக்கு நூறு விருந்தினர்களை அழைத்துப் பேசவைத்தார்கள் என்பதையும் சொன்னேன். 2002இல் கண்காட்சியின் பொறுப்பாளர் ஒக்வி என்வேசர் ஒருபடி மேலே போனார்: கண்காட்சியை ஐந்து மேடைகளாகப் பிரித்து, காசெலை ஐந்தாவதாக மட்டும் வைத்தார். இரண்டாவது மேடை புதுடில்லியில். அங்கே பேசியது உண்மை ஆணைக்குழுக்களையும் நிலைமாறுகால நீதியையும், அதாவது போரோ ஒடுக்குமுறையோ முடிந்தபின் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி தேடுவதையும், பற்றி. இந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் கருத்தரங்குச் சொல் அல்ல.

பார்தெனனுக்கு ஓர் இலட்சம் நூல்கள் வரை திரட்டுவது இலக்கு என்றேன். ஒருத்தி சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "எங்களுடையதும் அவ்வளவுதானே, ரீச்சர். மூவாயிரம் குறைவு." யாரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு நூல் கொண்டுவர வேண்டும், யார் வாசித்தது என்பதோடு, என்று முடிவாயிற்று. உறையில் சுற்றிக் கயிற்றில் தொங்கவிடலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

மாமரத்துக்கும் விறாந்தைத் தூணுக்கும் இடையே கயிறு கட்டினோம். வந்தவை: பழைய பஞ்சாங்கம், அட்டை போன அம்புலிமாமா, ஒரு விவிலியம், தாதிமார் பயிற்சிக் கொப்பி, கந்தபுராணம்.

ஒருத்தி நூல் கொண்டுவரவில்லை. வீட்டில் பழைய நூலே இல்லையாம், 1995இல் எல்லாம் போயிற்றாம். அவள் கொண்டுவந்தது மஞ்சளேறிய, தடித்த பொலித்தீன் பை ஒன்று. உள்ளே காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், ஒரு திருமணப் படம். அக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அம்மம்மா இந்தப் பையை மார்போடு சேலைக்குள் கட்டியிருந்தாராம்.

மினுஹினின் உறைகளைப் பற்றி ஒருவாரமாகப் படித்தும், இந்தப் பை என் நினைவுக்கு வரவேயில்லை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. மழைக்கும் தீக்கும் தப்பவேண்டியதைச் சுற்றிவைக்கும் பழக்கத்தை எங்களுக்கு யாரும் கண்காட்சி வைத்துக் கற்பிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் ஓவியர் தா. சனாதனனைப் பற்றிச் சொன்னேன். 2004இல் எங்கள் பொது நூலகத்திலேயே, வீடு வீடாகப் பெற்ற அன்றாடப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தவர். பின்னர் இடம்பெயர்ந்தவர்களைத் தாம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கியவர். பேச்சில் காசெல் வரை போன எனக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

பையைக் கயிற்றில் தொங்கவிடவில்லை. கதிரை ஒன்றின்மேல் வைத்தோம். காற்றுக்குப் பறக்காமல் ஒருத்தர் மாறி ஒருத்தர் பக்கத்தில் இருந்தார்கள்.

மாலைக்குள் திருப்பித் தரவேண்டும் என்று அம்மம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்து மணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடதாசிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணினார். எண்ணி முடித்துப் பையின் வாயை மூன்று மடிப்பாக மடித்த பிறகுதான் தேநீர் வைக்க எழுந்தார்.