ஓ.பி. சீட்டில் 150/94

ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை நேர ஓ.பி.யில் ரத்தக்கொதிப்பு நோயாளி ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். சீட்டில் 150/94 என்று இருக்கும். "பஸ்ல வந்த அலைச்சலா இருக்கும், அடுத்த மாசம் பாக்கலாம்" என்று பழைய மாத்திரையையே எழுதி அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதமும் அளவு அதே இடத்தில்தான் நிற்கும், சாக்கு மட்டும் மாறும். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். மருந்தைக் கூட்டத் தயங்குவதற்கு முக்கியக் காரணம், சீட்டில் உள்ள எண்ணை மருத்துவரே நம்பாததுதான். அதனால் முதலில் சரிசெய்ய வேண்டியது பி.பி. பார்க்கும் மேசையை.

சாய்மானம் உள்ள நாற்காலி, தரையில் பதிந்த பாதம், மேசைமேல் இதயமட்டத்தில் கை, பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிட ஓய்வு. கால்மேல் கால் போடக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பட்டையை ரவிக்கைக் கைமேல் கட்டக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத கொதிப்பு இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று மேசையிலேயே இருக்கட்டும். பார்க்கும்போதே "பேத்தி கல்யாணம் முடிஞ்சுதா?" என்று பேச்சுக் கொடுத்தால் மேல் அளவு 10 வரைகூட ஏறும். முதல் அளவு கூடுதலாக இருந்தால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

அளப்பது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாகத்தான் இருக்கும். ஆகவே அளவின் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தில் ஒன்றாகத்தான் வரும். ஐம்பது பேரின் அளவை எடுத்தால், பூஜ்யத்தில் முடிவது ஏறக்குறைய பத்துதான் இருக்க வேண்டும். பதிவேட்டில் நாற்பது பேருக்கு 130/80, 140/90 என்றே இருந்தால் அது குத்துமதிப்பு. நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தலைமேல் அத்தனை கூட்டம் நிற்கிறது. வரிசையைப் பிரித்துக் கொடுப்பது நம் வேலை.

எண் சரியாக இருந்தும் முடிவு தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. சுகரும் கொதிப்பும் சேர்ந்தவர் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வருவார். "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டால், "சாப்பிடாம வரச் சொன்னீங்களே, அதான் எதையுமே போடல" என்பார். அன்றைக்கு அளவு ஏறியிருப்பதில் வியப்பில்லை. சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்திவைத்து, பி.பி. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டு வரலாம் என்பதை முந்தைய தடவையே சொல்லி அனுப்ப வேண்டும். மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் கேளுங்கள். அதுவும் கொதிப்பை ஏற்றும்.

இவை எதுவும் இல்லை, மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறார், இரண்டு தடவை தொடர்ந்து 140/90க்கு மேல் என்றால் அன்றே மருந்தைக் கூட்டிவிட வேண்டும். அம்லோடிபின் 5 மி.கி.யோடு டெல்மிசார்டான் 40 மி.கி. சேர்ப்பது வழக்கமான அடுத்த படி. கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண் என்றால் டெல்மிசார்டான் ஆகாது. இந்த விதியை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால், மருத்துவர் மாறினாலும் முடிவு மாறாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி அது. ஆனால் தன்னார்வலர் வீட்டில் எடுத்த அளவு மருத்துவர் மேசைக்குத் திரும்பி வராவிட்டால், கட்டுப்படாத கொதிப்புக்கு அதே மாத்திரைதான் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

மறுவரவுக்கு 28 நாள், அதாவது சரியாக நான்கு வாரம் என்று வையுங்கள். சந்தைக் கிழமை மாறாது, ஜனங்களுக்கு மறக்காது. கையில் 30 மாத்திரை கொடுத்தால் இரண்டு நாள் தாமதித்தாலும் விட்டுப்போகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பதிவான எல்லோரையும் மூன்று கட்டத்தில் எண்ணுங்கள்: 140/90க்குக் கீழே, அதற்கு மேலே, வராதவர்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாக இருக்கும், நிலவரம் தெரியாது. மூன்றாவது கட்டத்தில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டால் பலவிதப் பதில் வரும். அதில் அடிக்கடி கேட்பது, "அந்த மாத்திரை போட்டா கால் வீங்குது, அதான் விட்டுட்டேன்." அம்லோடிபினால் அப்படி வீங்குவது உண்டு. மாத்திரையை மாற்றித் தருகிறோம், வாருங்கள் என்று தேதி சொல்லிக் கூப்பிட வேண்டும்.