ஃபிஜியில் பிள்ளைகளோடு

பதினாறு வயது மகளையும் பதின்மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஃபிஜியின் விட்டி லெவு தீவுக்குச் சென்றபோது, கடலைத் தவிர வேறெதுவும் அவர்களை ஈர்க்காது என்றே நினைத்திருந்தேன். பவளப்பாறைகளுக்கு மேல் மிதந்தபடி மீன்களைப் பார்த்த முதல் இரண்டு நாள்களும் அப்படித்தான் கழிந்தன.

மூன்றாம் நாள், நாடி நகரத்துச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் வண்ணக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த மகள், "அப்பா, முருகன் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்?" என்று கேட்டாள். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டதையும், 1903 முதல் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர்களும் அவர்களோடு சேர்ந்ததையும், 'அக்ரிமென்ட்' என்ற சொல் அந்த எளிய மக்களின் வாயில் 'கிர்மிட்' ஆனதையும் அங்கேயே அமர்ந்து சொன்னேன். கைப்பேசிகளைத் தொடாமல் இருவரும் கேட்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. வளரிளம் பிள்ளைகளுக்கு வரலாறு சலிக்கும் என்பதை நான் இனி ஏற்கமாட்டேன்.

மறுநாள் ஒரு கிராமத்துக்கு, வழக்கப்படி ஊர்த் தலைவருக்கான யங்கோனா வேரோடு சென்றோம்; அதை இடித்து நீரில் கலந்து பானமாகப் பருகுவார்கள். அங்கே தொப்பி அணிவது மரியாதைக் குறைவு என்று அறிந்ததும், வீட்டில் உண்ணும்போதுகூடத் தொப்பியைக் கழற்றாத மகன், யாரும் சொல்லாமலே அதைக் கழற்றிப் பையில் வைத்தான். இடுப்பில் சுலு என்னும் வேட்டி போன்ற துணியைக் கட்டிக்கொண்டு, ஒருமுறை கைதட்டி, "புலா" என்று வாழ்த்துச் சொல்லி, அந்தப் பானம் இருந்த சிரட்டையை வாங்கினான்.

கடைசி நாளில், 1989இல் ஃபிஜியின் முதல் தேசியப் பூங்காவான சிங்கடோக்கா மணற்குன்றுகளில் ஏறினோம். உச்சியை முதலில் அடைந்த மகள், மூச்சிரைத்த தன் அம்மாவுக்குக் கைகொடுக்கக் கீழிறங்கி வந்தாள்.